முகத்தில் வெட்டு வாங்கிய சக்ரவர்த்திகள்

விராலிமலைக்கு மயில் பார்க்கப் போயிருக்கிறீர்களா? அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் கருக்காக்குறிச்சி என்றொரு ஊர். 1898-ல் அங்கே ஒரு புதையல் கிடைத்தது. 501 தங்கக் காசுகள். அத்தனையும் ரோமாபுரிக் காசு! அகஸ்டஸ், டைபீரியஸ், நீரோ என்று வரிசையாக ராஜாக்கள். ஆனால், பெரும்பாலான காசுகளில் சக்ரவர்த்தியின் முகத்திலேயே ஒரு வெட்டு!

ஏன்? 'இது இனி காசாகச் செல்லாது, எடைக்குத்தான் மதிப்பு' என்பதற்கான அடையாளமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் யூகம். ராஜா மூஞ்சியைவிடத் தராசை நம்பியிருக்கிறான் நம்மாள்.

கெட்டிக்காரன்தான். கி.பி. 64 வாக்கில் நீரோ காசின் எடையைக் குறைத்தான். வெள்ளியில் செம்பைக் கலந்தான். பின்னால் வந்தவர்கள், பட்டாளத்துக்குச் சம்பளம் போட மேலும் மேலும் கலந்தார்கள். 260-களில் 'வெள்ளிக் காசு' என்பது வெள்ளி பூசிய செம்பு! விலைவாசி எகிறாமல் என்ன செய்யும்? (பி.காம். படித்தவன் கண்ணுக்கு வீழ்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் கொள்ளைநோய், படையெடுப்பு என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.)

408-ல் கோத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டான். விலகிப்போக அவன் வாங்கியது 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள்... கூடவே 3,000 பவுண்டு மிளகு! ஆமாம், இந்தியாவிலிருந்து கப்பலேறிய சரக்குதான். பணம் போதாமல் சாமி சிலைகளை உருக்கிக் கொடுத்தார்கள்.

இரண்டே வருடம். 410 ஆகஸ்ட்டில் அலாரிக் ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டான். மூன்று நாள் கொள்ளை.