தலைச்சுற்றும் ஒரு நோயாளியின் முறைப்பாடும்

தலைச்சுற்று மூளையின் கோளாறு என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1824இல் பிரெஞ்சு அறிஞர் ஃபுளூரான்ஸ் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களை வெட்டியபோது, அவை கேட்குந் திறனை இழக்கவில்லை. நிலைகொள்ளும் திறனையே இழந்தன. 1861இல் மெனியர் என்பார் தலைச்சுற்றுக்கு உட்செவியும் காரணமாகலாம் என்று பாரிசில் எடுத்துரைத்தார். எனினும் உயிருள்ள மனிதனின் உட்செவியைச் சோதிப்பது எங்ஙனம்?

விடை வியன்னாவிலே கிடைத்தது. அங்கே றொபேட் பாரனி என்னும் இளம் வைத்தியர் நோயாளரின் காதுகளை நீர் பாய்ச்சிக் கழுவி வந்தார். பலருக்குத் தலை சுற்றியது, கண்மணிகள் துடித்தன. நீர் போதிய சூடின்றி இருந்தாற்றான் தமக்குச் சுற்றுகிறது என்று ஒரு நோயாளி முறைப்பட்டார். பாரனி சூடு மிகுந்த நீரைப் பாய்ச்சினார். அப்போதும் தலை சுற்றியது, ஆனால் கண்கள் எதிர்த்திசையில் துடித்தன! முறைப்பாட்டைச் செவிமடுத்த வைத்தியருக்கு வாய்த்த பேறு அது. வெப்பவேறுபாட்டால் கால்வாய்த் திரவம் அசைகிறது என்று அவர் விளக்கினார். 1983இல் விண்வெளியில், எடையற்ற நிலையிலும் இத் துடிப்புத் தோன்றியமையால், அவ்விளக்கம் முழுமையானதன்று என்பது பின்னர் புலனாயிற்று.

1915இல் ஒஸ்திரியப் படையின் வைத்தியராயிருந்த பாரனி ரஷ்யரிடம் சிறைப்பட்டார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தி மத்திய ஆசியாவின் மேர்வ் முகாமிலேதான் அவரை எட்டியது. சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலையாகி வியன்னா திரும்பினார். அங்கே காத்திருந்தது மாலையன்று. பிறர் உழைப்பைத் தக்கவாறு குறிப்பிடவில்லை என்ற சக வைத்தியரின் குற்றச்சாட்டு. மனம் வெறுத்து உப்சாலாவுக்குச் சென்றார். 1921இல், தலையின் நிலை மாறும்போது மட்டும் சுற்றும் நோயை, 27 வயதுப் பெண்ணொருத்தியிற் கண்டு விவரித்தார்.

1942இல் லண்டனில் ஃபிற்ஸ்ஜெரால்டும் ஹல்பைக்கும் நீர்ச்சோதனையை 30 பாகை, 44 பாகை என்று வரையறுத்தனர். ஆயின் நிலைமாற்றத் தலைச்சுற்று உடையோரிற் பலருக்கு அச் சோதனை குறையெதனையும் காட்டுவதில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. 1952இல் மார்கரெட் டிக்ஸ் அம்மையாரும் ஹல்பைக்கும் 100 நோயாளரை ஆராய்ந்து வேறொரு சோதனையை முறைப்படுத்தினர். இருக்கும் நோயாளியின் தலையை ஒரு பக்கம் திருப்பி, விரைந்து பின்னே சாய்த்து, கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும். சில வினாடிகள் ஒன்றும் நிகழாது. பின்னர் கண்கள் கீழ்க்காதின் பக்கமாகச் சுழன்று துடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மீண்டும் மீண்டும் செய்தால் துடிப்புத் தளர்ந்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை: ஒரு கட்டிலும், இரு கைகளும், உற்று நோக்கும் கண்ணும் போதும். எந்தக் கிராமத்து வைத்தியசாலையிலும் செய்யத்தக்க இச் சோதனையைப் பொறி மிகுந்த சோதனைகளுக்கு முன்னர் வைத்து எண்ணவேண்டும் என்பதே எம் கருத்து.

காரணத்தை அறியப் பின்னும் காலம் சென்றது. தம் இடம்விட்டு நழுவிய சுண்ணாம்புத் துணிக்கைகள் கால்வாயினுட் புகுவதே அது. அமெரிக்காவின் ஜோன் எப்லி, தலையை வரிசையாகத் திருப்பி அத் துணிக்கைகளை வெளியேற்றலாம் என்றபோது, சக வைத்தியர் பலர் எள்ளி நகைத்தனர். அவரது கட்டுரை 1992இலேதான் வெளிவந்தது. அதற்குள் எத்தனை பேர், சில நிமிடங்களில் தீரக்கூடிய நோயுடன், படுக்கப் பயந்து இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தனரோ!