ராட்சத மரங்களுக்கு வழி போட்டவர்கள்

பிறந்தநாள் என்றால் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுகிற ஆட்கள் கலிஃபோர்னியாவில் நிறைய. அவர்கள் போகும் இடங்களில் முக்கியமானது சியரா நெவாடா மலையில் உள்ள செக்கோயா தேசியப் பூங்கா. பூங்காவுக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு: 1890 செப்டம்பர் 25. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, 'ராட்சதக் காடு' என்ற பகுதியும் அதோடு சேர்க்கப்பட்டது. கன அளவில் உலகின் மிகப்பெரிய மரமான ஜெனரல் ஷெர்மன் அங்கேதான் நிற்கிறது. உயரம் சுமார் 84 மீட்டர், வயது 2000 வருடத்துக்கும் மேல்.

சரி, இந்தக் காட்டுக்குச் சாலை போட்டது யார்? இரண்டு கூட்டத்தார்.

முதலாவது, கவீயா காலனி. சான் ஃபிரான்சிஸ்கோ தொழிற்சங்கக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த பொதுவுடைமைக் குடியிருப்பு. மரம் வெட்டி விற்றுக் கூட்டாக வாழ்வது திட்டம். ஜெனரல் ஷெர்மன் மரத்துக்கு இவர்கள் வைத்த பெயர் கார்ல் மார்க்ஸ்! 1886 முதல் 1890 வரை மண்வெட்டி, கடப்பாரையோடு சுமார் 29 கிலோமீட்டர் சாலையை வெட்டினார்கள். அது ராட்சதக் காட்டை எட்டுவதற்குள் பூங்காச் சட்டம் வந்துவிட்டது. நிலமும் போயிற்று, சாலைக்கு நஷ்டஈடும் கிடைக்கவில்லை. 1892-இல் காலனியே கலைந்தது. மரங்கள் பிழைத்தன, ஆனால் நாலு வருட உழைப்புக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

மிச்சச் சாலையைப் போட்டவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். தேசியப் பூங்காச் சேவை என்ற துறை 1916-இல்தான் வந்தது. அதற்கு முன் பூங்காவைப் பார்த்துக்கொண்டது ராணுவம். 1903 கோடையில் 9-ஆம் குதிரைப்படையோடு வந்தவர் கேப்டன் சார்லஸ் யங். 1864-இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பர். அமெரிக்க தேசியப் பூங்கா ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் கறுப்பரும் இவரே. முந்தைய மூன்று வருடங்களில் நடந்ததைவிட அதிக வேலை அந்த ஒரே கோடையில் முடிந்தது. ஆகஸ்டில் முதன்முறையாக வண்டிகள் ராட்சதக் காட்டுக்குள் போயின.

ஊர்க்காரர்கள் ஒரு மரத்துக்கு யங்கின் பெயரை வைக்க விரும்பினார்கள். அவர் மறுத்துவிட்டார். இருபது வருடம் கழித்தும் இதே எண்ணம் இருந்தால் வையுங்கள் என்றார். தன் பெயருக்குப் பதிலாக புக்கர் டி. வாஷிங்டன் பெயரை வைக்கச் செய்தார்.

1917-இல், முதல் உலகப் போர் சமயத்தில், ரத்த அழுத்தம் என்று சொல்லி ராணுவம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. கறுப்பருக்குக் கீழே வேலை செய்ய வெள்ளை அதிகாரிகளுக்கு மனமில்லாததும் பின்னணியில் இருந்தது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட, 1918-இல் ஓஹையோவிலிருந்து வாஷிங்டன் வரை சுமார் 800 கிலோமீட்டர் குதிரையில் போனார். போர் முடிய சில நாட்கள் இருக்கும்போதுதான் திரும்ப அழைத்தார்கள். 1922-இல் லாகோஸ் நகரில் காலமானார்.

அவர் சொன்ன இருபது வருடம் 1923-இல் முடிந்தது. மரத்துக்குப் பெயர் வைத்ததோ 2004-இல். ஜெனரல் பதவி கிடைத்தது, இறந்து நூறு வருடம் ஆனபின், 2022-இல்.

1926-இல் புதுச் சாலை வந்தது, பழைய சாலை நடைபாதையானது. அங்கே போகிறவர்கள் ஷெர்மன் மரத்தடியில் படம் எடுத்த கையோடு கர்னல் யங் மரத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.