இமாம்: சொல்லின் பொருளும் அதன் பொறுப்பும்

லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலும் சவுத் பிரிட்ஜ் ரோட்டின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலும் வெள்ளிக்கிழமை உரையைத் தமிழில் கேட்கலாம். தொழுகையை முன்னின்று நடத்துபவர் இமாம். தமிழ் முஸ்லிம்கள் அவரை மரியாதையுடன் ‘ஹஜ்ரத்’ என்று அழைப்பார்கள். தமிழகத்தின் சில ஊர்களில் ‘லெப்பை’ என்பதும் வழக்கு. தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் மோதினார் வேறொருவர்.

‘முன்னால்’ என்று பொருள்படும் அரபு வேர்ச்சொல்லோடு தொடர்புடையது ‘இமாம்’. முன்னே நிற்பவர், பின்பற்றப்படுபவர் என்பது அதன் பொருள். வீட்டில் இருவர் சேர்ந்து தொழுதாலும் ஒருவர் இமாமாக நிற்பார். தொழுகை முடிந்தால் அந்தப் பொறுப்பும் முடிந்துவிடும். அதற்கெனப் பட்டம் சூட்டும் சடங்கு எதுவும் இல்லை. குர்ஆனை நன்கு ஓதவும் மார்க்கச் சட்டத்தை அறியவும் வல்லவருக்கே முன்னுரிமை.

காலப்போக்கில் இச்சொல்லின் பொருள் விரிந்தது. 632ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் மறைந்த பிறகு, சமூகத்தின் தலைமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. கலீஃபாக்களையும் இமாம் என்றனர். ஷியா பிரிவினரோ அலீ அவர்களின் வழிவந்தவர்களுக்கே அத்தலைமை உரியது என்று கொண்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் 12 இமாம்களை ஏற்கின்றனர். சுன்னி முஸ்லிம்கள் பேரறிஞர்களையும் அப்பெயரால் சிறப்பிக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் பின்பற்றும் சட்ட மரபுகளுக்குப் பெயர் தந்த இமாம் அபூ ஹனீஃபா (மறைவு 767), இமாம் ஷாஃபி (மறைவு 820) இருவரும் அவ்வகையினர்.

இமாம், முஃப்தி, காதி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. மார்க்கத் தீர்ப்பு வழங்குபவர் முஃப்தி. திருமணத்தை நடத்திப் பதிவுசெய்பவர் காதி. சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1968ல் அமைந்தது. வெள்ளிக்கிழமை உரையை மன்றமே தயாரித்து வெளியிடுகிறது. அதன் தமிழ் வடிவமும் உண்டு. சமய ஆசிரியர்களுக்கான அங்கீகாரத் திட்டம் 2005ல் தொடங்கி, 2017 ஜனவரி முதல் கட்டாயமானது.

இத்தனை கவனம் ஏன் என்பதை அதே ஆண்டு உணர்த்தியது. ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் பணியாற்றிய இமாம் ஒருவர், கிறிஸ்துவர்களுக்கும் யூதர்களுக்கும் எதிரான வாசகத்தை வெள்ளித் தொழுகையின்போது ஓதினார். பல சமயத் தலைவர்களையும் சந்தித்து அவர் மன்னிப்புக் கேட்டார். ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்கு 4,000 வெள்ளி அபராதம் விதித்தது. பின்னர் அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தப் பள்ளிவாசலுக்கு அருகிலேயே ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. பல சமயத்தார் அருகருகே வாழும் ஊரில், முன்னே நிற்பவரின் சொல் அவருக்குப் பின்னால் நிற்பவர்களோடு நின்றுவிடுவதில்லை.