சிவப்புக் கூடாரம், கறுப்புக் கூடாரம்

ஜப்பானியப் பரிசோதனை நாடகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் டோக்கியோவின் ஷின்ஜுகுவோடு நிறுத்திக்கொள்கின்றனர். வெளியூர்களில் தரைவிரிப்பில் முழங்காலை மடக்கி அமர்ந்து அந்நாடகங்களைக் கண்டவர்களுக்கு அவ்வரலாற்றில் இடம் குறைவு. அவர்களைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

வெளியூர்ப் பார்வையாளர் முன்னரே அமைப்பாகத் திரண்டிருந்தனர். 1949இல் ஒசாகாவில் தொடங்கிய ‘ரோஎன்’ எனும் உழைப்பாளர் நாடகச் சங்கம் பிற நகரங்களுக்கும் பரவிற்று. உறுப்பினர் சந்தா செலுத்துவர். குழுக்கள் வந்து நடித்துச் செல்லும். மேலைநாட்டு முறையைத் தழுவிய ‘ஷிங்கெகி’, அதாவது புது நாடகம், ஊர் ஊராகச் செல்ல முடிந்ததில் இச்சந்தாவுக்குப் பெரும் பங்குண்டு. 1960களின் இளைஞர்களோ அந்த ஷிங்கெகியையே எதிர்த்துக் கிளம்பியவர்கள். ஆகவே அரங்கையும் தாமே சுமந்து செல்ல வேண்டியவர்களாயினர்.

காரா ஜூரோ 1967 ஆகஸ்டில் ஷின்ஜுகுவின் ஹனஸோனோ ஆலய வளாகத்தில் சிவப்புக் கூடாரம் அடித்தார். பழைய கபுகி நடிகர்களை ‘ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்’ என இகழ்ந்த சொல்லைப் பெருமையுடன் சூடிக்கொண்டவர் அவர். 1969 ஜனவரியில் அனுமதியின்றிப் பூங்காவொன்றில் கூடாரம் எழுப்பி, கலகத் தடுப்புக் காவலர் சூழ்ந்து நிற்க நாடகத்தை நடத்தி முடித்தார்; பிறகே கைதானார். இக்கதையை எல்லோரும் சொல்வர். நான் அதனினும் பெரிதாக மதிப்பது அவர் நாடகங்கள் முடியும் விதத்தை. இறுதியில் மேடையின் பின்புறத் திரை சட்டென விலகும். வெளியே இருக்கும் ஊர் தெரியும். ஷின்ஜுகுவில் அது தலைநகரத்து இரவு. 1988இல் அவர் தொடங்கிய காரா-குமி குழு ஒகாயாமாவுக்கும் நாகானோவுக்கும் சென்றபோது அது அவ்வூரின் இருட்டு, அவ்வூரின் விளக்கு. நாள்தோறும் பார்த்துச் சலித்த இடம் ஊர்க்காரர் கண்முன் கடைசிக் காட்சியாகி நிற்கும். குழுவினர் மற்றெல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வரலாம். இந்த ஒன்றை ஊர்தான் தர வேண்டும்.

சாதோ மகோதோ முதலியோரின் கறுப்புக் கூடாரம் 1970இல் புறப்பட்டு நாடெங்கும் சுற்றியது. அதன் நோக்கம் வெளிப்படையாகவே அரசியல். கூடாரம் அடிக்க நிலம் வேண்டும். பூங்காவுக்கு அனுமதி வேண்டும். பொதுவெளி யாருக்குரியது என்னும் கேள்வி, திரை விலகுமுன்பே அங்கு நாடகமாகிவிடும். அதே சாதோ 1997இல் திறக்கப்பட்ட செதாகயா பொது அரங்கின் இயக்குநரானார். இதைச் சமரசம் என்று பழிப்பாருமுளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூங்காவில் கேட்ட கேள்வியை அவர் கட்டடத்துக்குள் கொண்டுசென்றார், அவ்வளவே.

எதிர்த்திசையில் நடந்தவர் ஸுஸுகி ததாஷி. 1976இல் டோக்கியோவை விட்டுத் தொயாமா மாநிலத்தின் தோகா மலைக்கிராமத்துக்குக் குழுவுடன் பெயர்ந்து, செங்குத்தான வைக்கோல் கூரை கொண்ட பழைய வீட்டை அரங்காக்கினார். 1982இல் அங்கு உலக நாடக விழா தொடங்கியது. தலைநகரின் ஏகபோகத்தை அவர்போல் அசைத்தவர் சிலரே. எனினும், அங்குப் பயணம் செய்தாக வேண்டியவர் பார்வையாளர். மலையேற நேரமும் பணமும் உடையோரே பெரிதும் வந்திருப்பர். கூடாரத்துக்கு வந்தவரோ இரவுணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

காரா 2024 மே 4 அன்று காலமானார். அவரைப் போலவே அக்காலத்து நாடகத்தைக் கலக்கிய தெராயாமா ஷூஜி 1983இல் மறைந்ததும் அதே மே 4தான். காராவின் பிற்கால நாடகங்களுள் பெரிதும் பேசப்பட்டது, 2003இல் மேடையேறிய ‘தொரொனிங்யோ’, சேற்றுக் கடற்கன்னி. அதன் பின்னணி ஷின்ஜுகு அன்று. 1997இல் மதகுகள் இறக்கிக் கடலிலிருந்து துண்டிக்கப்பட்ட, நாகசாகியின் இஸஹாயா விரிகுடா.