மூன்றாவது விளக்கு

1970-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்புறம், நட்டநடுவில், ஒரு மஞ்சள் விளக்கு ஏறியது. பொருத்தச் சொன்னவர் மெக்கானிக் இல்லை; ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர். பிரேக்கை மெல்ல மிதித்தால் விளக்கு நிதானமாகச் சிமிட்டும். ஓங்கி மிதித்தால் படபடவென்று துடிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, விளக்கில்லாத 160 டாக்சிகள். எல்லாமாகச் சேர்ந்து ஒரு கோடியே 23 லட்சம் மைல் ஓடின. விளக்கு வைத்த டாக்சிகளைப் பின்னால் வந்து முட்டிய விபத்துகள் 60.6 சதவீதம் குறைவு என்று 1974-ல் அவர் எழுதினார்.

அதற்கு முன் கார்களில் பிரேக் விளக்கே இல்லையா என்றால், இருந்தது, இரண்டு மூலையிலும். ஆனால் பல கார்களில் இரவு முழுக்க எரியும் பின்விளக்கும் அதே இடத்தில், அதே சிவப்பில்தான். பிரேக் பிடித்தால் கொஞ்சம் தூக்கலாக எரியும், அவ்வளவே. பின்னால் வருகிறவர் களைத்திருந்தால், சும்மா எரிகிறதா, தூக்கலாக எரிகிறதா என்று பிரித்தறியவே ஒரு கணம் போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் வண்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். நடுவில் இருக்கும் விளக்குக்கு இந்தக் குழப்பமே கிடையாது; பிரேக்கைத் தவிர அதற்கு வேறு பிழைப்பில்லை. போதாததற்கு, உயரத்தில் வைத்தால் முன்னால் போகும் காரின் கண்ணாடிகள் வழியாக, அதற்கும் முன்னால் போகும் கார் பிரேக் பிடிப்பதுகூடத் தெரியும்.

வாஷிங்டன் டாக்சிகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். 1983-ல், எலிசபெத் டோல் போக்குவரத்துத் துறைச் செயலராக இருந்தபோது விதி வந்தது. அவருடைய செல்லப்பெயரை வைத்து 'லிடி லைட்' என்றும் இந்த விளக்கை அழைத்தார்கள். 1986 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். ஆனால் சட்டத்துக்குள் நுழையும்போது விளக்கு உருமாறிவிட்டது: மஞ்சள் போய்ச் சிவப்பு, சிமிட்டல் போய் நிலையான ஒளி.

பலனும் இளைத்தது. 1998-ல் அரசு ஆய்வாளர் சார்ல்ஸ் கஹானே பல ஆண்டு விபத்துப் பதிவுகளை அலசினார். பின்னால் வந்து முட்டும் விபத்துகள் 4.3 சதவீதம்தான் குறைந்திருந்தன. டாக்சிகளில் அது புதுசு, கண்ணைப் பறித்தது. ஊரெங்கும் வந்தபின் கண்ணுக்குப் பழகிவிட்டது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சின்ன பல்பு, நாடு முழுக்க, வருஷா வருஷம் நூற்றுக்கு நான்கு மோதலைத் தடுக்கிறதென்றால் லேசா?

வோவோட்ஸ்கியின் சிமிட்டலும் அடியோடு தொலையவில்லை. இன்று ஐரோப்பியக் கார்கள் பலவற்றில், வேகமாகப் போகும்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால் பிரேக் விளக்குகள் நொடிக்கு நாலு தடவை போலப் படபடக்கின்றன. சிலவற்றில் அந்த வேலையை இண்டிகேட்டர்கள் செய்கின்றன. அவை மஞ்சள்.