யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் வைரஸ் தொற்றால் வருவது. மனிதப் பப்பிலோமா வைரசின் 16, 18ஆம் வகைகளை இந்நோயின் திசுக்களில் 1983–84இல் கண்டறிந்த ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகெங்கும் இந்நோய்க்கு ஆளாவோரில் சுமார் 70 சதவீதத்தினரிடம் இவ்விரு வகைகளே காரணமாகின்றன. தொற்று புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் மாறிய கலங்களைக் கண்டு அகற்றினால் நோய் வராமலே தடுக்கலாம்.

இலங்கையில் இப்பணியைச் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் செய்துவருகின்றன. 35, பின்னர் 45 வயதில் அழைப்பதே திட்டம்; நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது பப் பரிசோதனை. அதில் கருப்பைக் கழுத்தின் கலங்களைப் பூசிய ஒவ்வொரு கண்ணாடித் தகட்டையும் பயிற்சி பெற்ற ஒருவர் நுணுக்குக்காட்டியில் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்தும், ஒரு தடவைப் பரிசோதனையில் முன்நிலை மாற்றங்களில் பாதிவரை தவறக்கூடும். மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யும் நாடுகளில் அடுத்த தடவை அது பிடிபடும். பத்தாண்டு இடைவெளியில் அதற்கு வழியில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுத் திட்டமும் 35, 45 வயதுகளையே சொல்கிறது. ஆனால் அது கேட்பது திறன் மிகுந்த பரிசோதனையை. ஆகவே குடாநாட்டில் வயதை மாற்றவேண்டியதில்லை, பரிசோதனையையே மாற்றவேண்டும்: பப்புக்குப் பதில் வைரசையே தேடும் பரிசோதனை வேண்டும். மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 30–59 வயதுடைய 131,746 பெண்களிடையே ரங்கசாமி சங்கரநாராயணன் குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. ஒரேயொரு வைரஸ் பரிசோதனை இந்நோயால் நேரும் மரணங்களை ஏறக்குறையப் பாதியாக்கியது. பப் பரிசோதனை செய்த பிரிவில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

தொற்றுகளில் பெரும்பாலானவை தாமாகவே நீங்கிவிடும்போது பெண்களை ஏன் கலங்கவைக்க வேண்டும் என்று கேட்கலாம். இளவயதினருக்கு அது நியாயமான கேள்வி. 35 வயதில் காணப்படும் தொற்று நீங்காது நிலைத்ததாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். தொற்றுள்ளவர்களின் கலங்களை மட்டும் நோயியல் நிபுணர் ஆராய்ந்தால் அவருடைய நேரமும் உரிய இடத்தில் செலவாகும். கூச்சத்தால் கிளினிக்குக்கு வரத் தயங்குவோர் மாதிரியைத் தாமே எடுத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம். படகேறிவரும் நெடுந்தீவுப் பெண்களுக்கு இது பெரிய வசதி. பப் பரிசோதனையில் இவ்வசதி இல்லை.

தடுப்பூசி வந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். ஆறாம் தர மாணவியருக்கு அது தொடங்கியது 2017இல். அவர்களில் மூத்தவர்கள் 35ஐ எட்ட 2040 தாண்டிவிடும். அதுவரை கிளினிக்குக்கு வருவோர் தடுப்பூசித் திட்டத்துக்கு முந்தியவர்கள். அவர்களுக்கும் மூத்த தலைமுறையின் நிலை இன்னும் கவலைக்குரியது. கிளினிக்குகள் தொடங்கிய 1996, குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் போரால் 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்ததற்கு மறு ஆண்டு. அன்றிலிருந்து போர் முடிந்த 2009வரை 35 வயதை அடைந்தவர்கள் இன்று 50ஐக் கடந்துவிட்டார்கள். இரண்டு அழைப்பு வயதுகளும் அவர்களுக்குப் போய்விட்டன. இவர்களுக்கு ஒரு தடவையாவது வைரஸ் பரிசோதனை கிடைக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.