நாட்டார் இசையும் மாணவர் வானொலியும்: ஒரு சொல்லாய்வு

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் பெங்களூரில் கூடிய ஒலிபரப்பாளர்களும் ஊடகத்துறையினரும் சமுதாய வானொலிக்கு இடம் வேண்டிப் பிரகடனம் வெளியிட்டனர். 2002இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு இசைவு கிட்டியது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக வானொலியும், 2007இல் பெங்களூர் ஜெயின் கல்விக் குழுமத்தின் 'ரேடியோ ஆக்டிவ்' நிலையமும் ஒலிக்கத் தொடங்கின.

இத்தகைய நிலையமொன்றில், ஆங்கிலத்தார் 'ஃபோக்', 'கன்ட்ரி' எனப் பிரித்து வழங்கும் இசைவகைகளைத் தமிழில் அறிமுகம் செய்யப் புகும் மாணவர் இடர்ப்படுவார். இரண்டையும் 'நாட்டுப்புற இசை' என்றே பெயர்க்க நேரும். இது தமிழின் வறுமையன்று. அமெரிக்காவின் 'பில்போர்டு' இதழே 1949 வரை கன்ட்ரி இசைத்தட்டுகளை 'ஃபோக்' என்னும் தலைப்பின்கீழ்த்தான் பட்டியலிட்டது. பிரிவினையில் இசைத்தட்டு வணிகத்தின் பங்கு சிறிதன்று.

தமிழிலும் பெயர் ஒருநிலைப்பட நின்றதில்லை. கி. வா. ஜகந்நாதன் 'நாடோடி இலக்கியம்' என்றார். ஏற்றம் இறைப்போரும் நாற்று நடுவோரும் நாடோடிகள் அல்லர். ஆதலின் அச்சொல் பொருந்துவதாக இல்லை. நா. வானமாமலை தம் தொகுப்பிற்கு 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்று பெயரிட்டார். பின்னர் வழக்கூன்றியவற்றுள் 'நாட்டுப்புறம்' இடத்தையும் 'நாட்டார்' மக்களையும் சுட்டும். கன்னடத்து 'ஜானபத' என்பதோ இரண்டையும் ஒருங்கே தழுவும். பெங்களூர் மாணவருக்கு அது செவிப்பழக்கமான சொல்லுங்கூட.

எனவே 'ஃபோக்' என்பதை 'நாட்டார் இசை' எனப் பெயர்த்தலும், ஓர் இசைவகையின் சிறப்புப்பெயராகிவிட்ட 'கன்ட்ரி'யை ஒலிபெயர்ப்பாகவே வழங்குதலும் தக்கன.